விளக்கு வைக்கட்டும் என்றீர்களே

மாமா, நீங்கள் கோயிலில் மைக் முன்னால் நின்று பொய் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன அந்த நாளில் என் அக்கா விரதம் இருக்கவில்லை. பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் வீட்டுக்காரரை. செஞ்சியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிக் கும்பிடுவார்கள். போன தீபாவளி அமாவாசையன்று நோன்பு எடுக்கக் கோயிலுக்கு வந்திருந்த பெண்களுக்கு நோன்பின் மகிமையைச் சொல்லும்படி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு வந்து பேசினார்.

"எங்க வீட்டுல நோன்பு நின்னு போயிருந்தது. சண்டைக் காலத்துல ஒரு தீபாவளி. என் மனைவி காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாம இருந்தா. சாயந்திரம் விளக்கு வைச்ச நேரம், கௌரியே கன்னுக்குட்டியா எங்க மாட்டுக் கொட்டகையில வந்து பொறந்தா. அன்னிக்கே நோன்பு எடுத்தோம். இன்னிக்கு நான் உங்க முன்னாடி நிக்கிறேன்னா, அந்த நோன்புதான்" என்றார்.

எனக்குப் பின்னால் ஒருத்தி, "கேக்கவே புல்லரிக்குதுடி" என்றாள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதிரசத் தட்டு. கையில் கட்டியிருந்த பழைய நோன்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேதார கௌரி நோன்பு என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. தீபாவளியோடு வரும் அமாவாசையில், கல்யாணமான பெண்கள் புருஷனின் ஆயுசுக்காக இருக்கிற விரதம். அவன் சாப்பிடுவான், இவள் சாப்பிட மாட்டாள். பசியோடு அடுப்படியில் உட்கார்ந்து அதிரசம் சுடுவாள். ஒன்றைக்கூட ருசி பார்க்கக் கூடாது. சாயந்திரம் தட்டில் எண்ணி அடுக்கிக் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட பிறகுதான் வாயில் எதுவும் வைக்கலாம். பார்வதி இப்படித்தான் விரதம் இருந்தாளாம். சிவன் மனம் குளிர்ந்து தன் உடம்பில் பாதியைக் கொடுத்தாராம். இதுதான் கதை.

எனக்கு அந்த நோன்பு பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பிறந்த ஊர் பனமலைப் பக்கம். நோன்பன்று அம்மாவும் தெருப் பெண்களும் தட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் கோயிலுக்குப் போவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எந்த ஆம்பளையும் அவர்களைச் சீக்கிரம் வா என்று அதட்ட மாட்டான். கரையில் நின்று நின்று பேசுவார்கள். மாமியாரைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். பசி தெரியாத மாதிரி சிரிப்பார்கள். நோன்பு என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆனால் இது எல்லார் வீட்டிலும் உண்டு என்று சொல்ல முடியாது. நோன்பு உள்ள வீடு, நோன்பு இல்லாத வீடு என்று இரண்டு இருக்கிறது. பரம்பரையாக வர வேண்டும். நோன்பு நாளில் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அதோடு நின்றுவிடும். மறுபடி நினைத்தபோது எடுக்க முடியாது. அதே அமாவாசையில் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுப் பசு கன்று போட வேண்டும். அதுவரைக்கும் அந்த வீட்டில் அதிரசச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது.

மாமாவின் அப்பா ஒரு நோன்பு நாளில்தான் செத்துப் போனார். அப்போது அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் போன கொஞ்ச வருஷத்தில் மாமாவின் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். மாமாவின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நோன்பு நின்றதால்தான் மூத்த பிள்ளை போனான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே பிள்ளை. அவனும் போய்விடுவான் என்ற பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா கல்யாணமாகிப் போன வருஷம் தெருவில் எல்லாப் பெண்கள் கையிலும் புதுக் கயிறு. அக்கா கை மட்டும் வெறுங்கை. எதிர்வீட்டு அம்மா கேட்டாளாம்: "இன்னாம்மா, நோன்பு இல்லாத வூட்டுக்கு வாக்கப்பட்டியே, ஒங்க வூட்டுல விசாரிக்கலியா?" அத்தை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. அத்தை அமாவாசைக்குக் கன்று போடுகிற மாதிரி மாதம் எண்ணிப் பார்த்து அதைக் காளைக்கு ஓட்டிப் போவார். ஒரு வருஷம் முன்னாலேயே போட்டுவிட்டது. ஒரு வருஷம் அமாவாசை கழிந்த மறுநாள் போட்டது. அன்றைக்குப் பசுவை விளக்குமாற்றால் அடித்தார் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அக்கா உண்டானாள். ஐப்பசியில் பிரசவம் என்று தெரிந்தது. அக்காவுக்கும் அப்படி மாதம் எண்ணித்தான் எல்லாம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது மாமா. அதை நான் யாரிடம் கேட்பது?

வளையல் போட்ட பிறகு அம்மா வண்டி கட்டிக்கொண்டு அக்காவை அழைத்துப் போக வந்தார். நானும் கூட வந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊர் அறிந்த முறை.

"பொண்ண அனுப்புங்க சம்பந்தி. நல்ல நேரத்துல கெளம்பிடறோம்" என்றார் அம்மா.

"ஏன், எங்க வூட்டுக்குக் கூரை இல்லியா?" என்றார் அத்தை.

"முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"எங்களுக்கும் ஒரு முறை இருக்குது. அமாவாசை கழிச்சி வாங்க. தாயையும் புள்ளையையும் சேத்தே கூட்டினு போங்க."

அமாவாசை என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை அந்த வீட்டில் பிறந்தால்தான் நோன்பு திரும்ப வரும். தாய் வீட்டில் பிறந்தால் கணக்கில் சேராது. அம்மா உங்களைப் பார்த்தார் மாமா. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். சண்டைச் செய்தி. தலையை நிமிர்த்தாமல், "அம்மா சொன்னா காரணம் இருக்கும்" என்றீர்கள்.

பூனை குறுக்கே போனால் நின்று போகிற ஆளைப் பார்த்துக் கேலி பண்ணுகிறவர் நீங்கள். பல்லி சத்தத்துக்குப் பலன் சொன்ன அத்தையிடம், "அம்மா, பல்லிக்கு ஜோசியம் தெரிஞ்சா அது ஏன் செவுத்துல தொங்குது?" என்று கேட்டவர் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினவர். உங்களுக்கு எது காரணம், எது காரணம் இல்லை என்று தெரியும்.

அம்மா என்னை ஒத்தாசைக்கு விட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அடுப்படி மூலையில் ஒரு சட்டி துணியால் வாய் கட்டி இருந்ததைப் பார்த்தேன். அவிழ்த்துப் பார்த்தால் அதிரச மாவு. வெல்லப் பாகு விட்டுக் கிளறிப் புளிக்க வைத்திருந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் வெல்லம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். நோன்பு இல்லாத வீட்டில் அதிரச மாவு எதற்கு? அக்காவிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"அத்தை என் வயித்த நம்பி மாவு பெசஞ்சிட்டாங்கடி" என்றாள். அவளுக்கு அப்போதும் சிரிப்புத்தான் வந்தது.

தீபாவளியன்று விடியும்போதே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. அந்த வருஷம் அமாவாசை பிறப்பது அன்று சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் பிள்ளை பிறந்தால் அது வெறும் பிள்ளை. அதற்கு அப்புறம் பிறந்தால்தான் நோன்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நீங்கள் வாசலில் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் உங்களுக்கு இட்லி கொண்டுவந்து வைத்தேன். "இன்னொரு ரெண்டு வை" என்றீர்கள். அக்காவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. வலியில் வாந்தி வரும் என்றார்கள்.

மருத்துவச்சி வந்தாள். உச்சி வெயில் வந்தபோது, "தண்ணிக்கொடம் ஒடஞ்சிப்போச்சி. புள்ள எறங்குது" என்றாள்.

"இப்ப வாணாம்" என்றார் அத்தை. "வெய்யிலு எங்க இருக்குது பாரு."

"வெய்யிலு அங்கதான் இருக்குது. புள்ளைக்கு இன்னாம்மா தெரியும் அமாவாசையும் பௌர்ணமியும்?"

"ஒனக்குத் தெரியும் இல்ல? புடிச்சி நிறுத்து. ஒனக்குப் பட்டுப் பொடவ எடுத்துத் தரன்."

மருத்துவச்சி கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அக்காவின் முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். அது உங்கள் துண்டு மாமா. காலையில் நீங்கள் தலை துவட்டிவிட்டுப் போட்டது. அதில் உங்கள் தலை எண்ணெய் வாசனை இருந்தது. "முக்காத. காலை ஒட்டி வெச்சிக்க. வாயால மூச்சு வுடு" என்றாள் அக்காவிடம். அக்கா எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று நான் எண்ணவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. சத்தம் போடக் கூடாது என்று வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை துணியை எடுத்துவிட்டு, "முடியலடி. அவரக் கூப்டு" என்றாள்.

வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தீர்கள்.

"மாமா, அக்காவால முடியல. கால கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மாவக் கூட்டினு வாங்க மாமா."

பஜாரைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. நடந்தே போய்விடலாம். அங்கே பிரசவம் பார்க்கிற நர்சம்மா ஒருத்தி இருந்தாள். கிறிஸ்தவப் பெண். அவளுக்குத் தீபாவளியும் இல்லை, நோன்பும் இல்லை. கூப்பிட்டால் வந்திருப்பாள்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. ராஜகிரி மலைக்கு மேலே வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தீர்கள். "இன்னும் கொஞ்ச நேரம்தானே. விளக்கு வைக்கட்டும்" என்றீர்கள்.

"அதுக்குள்ள அக்கா செத்துப்பூட்டா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு. உள்ள போ."

சிவன் உடம்பில் பாதியைக் கொடுத்தாராம். நீங்கள் பஜார் வரைக்கும் உங்கள் காலைக்கூடக் கொடுக்கவில்லை.

நானே ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு வழி தெரியும். தெரு முனை வரைக்கும் போய்விட்டேன். அப்போது எழுந்தீர்கள். ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். எதிர்வீட்டு அம்மா நோன்புக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா வாத்தியாரே, மச்சினிச்சி எங்க ஓடுது?"

"பட்டாசு சத்தத்துக்குப் பயந்துகிச்சிம்மா" என்றீர்கள்.

அது நீங்கள் சொன்ன முதல் பொய். என்னை உள்ளே தள்ளி வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, நாற்காலியைக் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியது. அத்தை விளக்கு வைத்தார். வைத்துவிட்டு அக்கா கிடந்த அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அப்போது கொட்டகையில் பசு கத்தியது. அந்த வருஷம் அதை யாரும் நினைக்கவில்லை. மனுஷி வயிற்றில் நாள் தங்கிவிட்டதால் மாட்டு வயிற்றைப் பார்க்க ஆள் இல்லை. அத்தை கொட்டகைக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"டேய், போட்டுட்டுதுடா! கன்னு போட்டுட்டுதுடா! பொட்டக் கன்னு! ஆத்தா வந்துட்டாடா!"

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினீர்கள். அந்த நாள் முழுக்க நீங்கள் ஓடியது இரண்டு தடவை. ஒன்று என்னைப் பிடிக்க. இன்னொன்று கன்றைப் பார்க்க.

அறையில் நானும் மருத்துவச்சியும்தான். மருத்துவச்சி துண்டை அவிழ்த்தாள். "இனிமே எப்பப் பொறந்தா இன்னா" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்து இருந்தது. மருத்துவச்சி அதைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள். அழுதது. பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. பெரிதாக இல்லை. ஆனால் அழுதது. பழைய புடவையில் சுற்றி என் மடியில் வைத்தாள். மூச்சு வந்துபோனது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கை விரலை விரித்து மடக்கியது. "அக்கா, பொண்ணு" என்றேன். அக்கா கையை நீட்டி அதன் பாதத்தைத் தொட்டாள்.

அதற்குள் அடுப்படியில் எண்ணெய் காய்ந்து அதிரசம் வேகிற வாசனை வந்தது. கன்று பிறந்ததும் அத்தை சட்டியை ஏற்றிவிட்டார். அந்த வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது என் மடியில் மூச்சு நின்றது.

நான் கத்தினேன். அத்தை கையில் ஜல்லிக்கரண்டியோடு வந்தார். எண்ணெய் தரையில் சொட்டியது. குழந்தையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நோன்பு நாளில் மறுபடி ஒரு சாவு. இப்போதுதான் வந்த நோன்பு இப்போதே போய்விடும். அவர் முகத்தில் அது ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு எழுந்தார்.

"இது சாவு இல்ல. பொறந்தாத்தான சாவு?" என்றார். மருத்துவச்சியிடம், "அழுதுதா?" என்று கேட்டார்.

மருத்துவச்சி என்னைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"அழுதுது" என்றேன் நான். "நான் கேட்டேன். அக்காவும் கேட்டா."

நீங்கள் அறை வாசலில் வந்து நின்றிருந்தீர்கள் மாமா. காலில் கொட்டகைச் சாணி. அத்தை உங்கள் பக்கம் திரும்பினார். "நீ சொல்றா. நீதான படிச்சவன். இது பொறந்துதா, பொறக்கலியா?"

அத்தையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பயம். இரண்டு பேரைப் பறிகொடுத்தவர். மருத்துவச்சி புடவைக்காகச் சொன்னாள், அல்லது பயந்து சொன்னாள். நீங்கள் எதற்காகச் சொன்னீர்கள்? குழந்தையை நீங்கள் பார்த்தீர்கள். அக்கா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னீர்கள்: "குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. தீட்டு ஒன்றும் இல்லை. ஆக வேண்டியதைப் பாருங்கள்."

ஆக வேண்டியது எல்லாம் ஆனது. மருத்துவச்சி குழந்தையை முறத்தில் வைத்துத் துணி மூடிப் பின்வாசல் வழியாகக் கோட்டை அகழிப் பக்கம் எடுத்துப் போனாள். அக்காவைத் தூக்கி உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ரத்தம் தண்ணீரோடு ஓடியது. "காலையிலேருந்து ஒண்ணும் துண்ணல. வெரதம் முழுசா இருக்குது" என்றார் அத்தை. எதிர்வீட்டு அம்மா கோயிலில் படைத்த கயிறு ஒன்றை நோன்பு கொடுக்கிற முறைப்படி எடுத்து வந்து வாசலில் நின்று கொடுத்தாள். அவளுக்குப் பிரசவம் நடந்ததே தெரியாது. "வலி நின்னுபோச்சி, பொய் வலி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நோன்பு முடிந்த பிறகுதான், பிள்ளை வயிற்றிலேயே செத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். அந்தக் கயிற்றை அத்தை கட்டக் கூடாது, தாலி அறுத்தவர். அதனால் நீங்கள்தான் கட்டினீர்கள். அக்கா கையைத் தூக்கவில்லை. நீங்களே தூக்கிப் பிடித்துக் கட்டினீர்கள். உங்கள் ஆயுசுக்காக.

நோன்பு பலித்துவிட்டது. நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அம்மா வந்ததும் சொன்னேன். எங்கள் அப்பாவை நைனா என்போம், அவரிடமும் சொன்னேன். நைனா உங்களிடம் வந்து கேட்டார். "செத்துத்தான் பொறந்துது மாமா. வயித்துலயே போயிடுச்சி. சின்னப் பொண்ணு, பயத்துல ஏதோ ஒளருது" என்றீர்கள். வாத்தியார் சொன்னால் நைனா நம்புவார். நைனாவுக்குக் கைநாட்டு. என்னைத்தான் அடித்தார்.

பிறகு அக்காவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டும் நல்ல பிள்ளைகள். கல்யாண வீடுகளில் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று அக்காவைக் கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு, "ரெண்டு பையன்" என்பீர்கள். அவள் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எனக்கும் கல்யாணம் ஆனது. நோன்பு உள்ள வீடுதான். முதல் வருஷமே முடியாது என்றேன். மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் உட்காரவைத்துக் கேட்டார். சொன்னேன். "அப்ப நானும் அன்னிக்குச் சாப்பிடல, ரெண்டு பேரும் மறுநாள் சாப்புடலாம்" என்றார். விவசாயம் பார்க்கிற மனுஷன், பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. இத்தனை வருஷம் அவருக்காக நான் ஒரு கயிறும் கட்டவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார்.

அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது நான் பார்க்கப் போனேன். பிடிக்காமல்தான் போனேன், அக்காவுக்காக. அறையில் யாரும் இல்லை. அத்தை என் கையைப் பிடித்தார்.

"அது அழுதுது இல்ல?" என்றார்.

"அழுதுது அத்தை."

"எனக்கும் கேட்டுது. அடுப்படில இருந்தேன், கேட்டுது. எண்ணெ சத்தம்னு நெனச்சிக்கினேன்" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரே ஒத்துக்கொண்டு போய்விட்டார் மாமா. மருத்துவச்சியும் போய்விட்டாள். மிச்சம் இருக்கிறது நீங்கள், நான், அக்கா.

போன தீபாவளி கோயிலிலிருந்து திரும்பும்போது அக்காவை வழியில் நிறுத்தினேன். நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க நாலு புதுப்பெண்கள்.

"அத்தினி பேரு முன்னாடி சொல்றாரு, நீ கேட்டுனு உக்காந்திருக்கறியே" என்றேன்.

"நான் சொன்னா இன்னா ஆவும்? நோன்பப் பழிச்சவ, கெழவிக்குப் புத்தி பெசகிப்போச்சின்னு சொல்லுவாங்க. நீ சொன்னா அக்காள தங்கச்சி தூண்டி வுட்டான்னு சொல்லுவாங்க." கொஞ்சம் நின்றாள். மூச்சு வாங்கியது. அவளுக்கு இப்போதெல்லாம் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. "அவரு வாயால சொல்லணும்டி. எனக்கு ஒரு பொண்ணு பொறந்தான்னு அவரு ஒரு தடவ சொல்லணும். அது போதும். அதுக்குத்தான் வருசா வருசம் இந்தக் கயித்தக் கட்டினு இருக்கறன்."

"அவரு ஆயுசுக்கு இல்லியா?"

"அதுவும் அதுக்குத்தான். சொல்றதுக்கு அவரு இருக்கணும் இல்ல?"

இதுதான் என் அக்காவின் நோன்பு மாமா. பார்வதி கேட்டது பாதி உடம்பு. இவள் கேட்பது ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் உங்களைப் பிழைக்க வைத்து அதற்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் அதை அவள் பட்டினி என்று மைக்கில் விற்றுவிட்டு வந்தீர்கள்.

டாக்டர் அவள் இதயம் பலவீனம் என்கிறார். இந்த வருஷம் அவள் விரதம் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இருப்பேன் என்கிறாள். இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதும் விளக்கு வைக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்களா?

இந்தத் தீபாவளிக்கும் நோன்பின் மகிமை பேச உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போங்கள். நானும் வருவேன். முன் வரிசையில் அக்காவைக் கொண்டுவந்து உட்காரவைப்பேன். வீட்டில் தனியாக அவளிடம் சொல்லிவிட்டேன் என்று வராதீர்கள், அது செல்லாது. பிறக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னீர்கள், பிறந்தாள் என்று ஊருக்குச் சொல்லுங்கள். கன்றுக்குட்டிக் கதையை ஆரம்பிக்கும் முன்னால் அதே மைக்கில், அதே பெண்கள் முன்னால், உங்கள் இரண்டு மகன்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு உங்களுக்கு ஒரு பெண் பிறந்தாளா, இல்லையா?